சவரிமுத்து ஒப்படைக்க வந்த துப்பாக்கி

பழைய கைத்துப்பாக்கிகளை மதிப்பிடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். திருகாணியின் மரையைப் பார்த்து வயதைச் சொல்வது எப்படி, தானாகப் பிடித்த துருவையும் வேண்டுமென்றே ஏற்றிய துருவையும் பிரிப்பது எப்படி என்பதையெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்துவிடுவார்கள். படம் போட்டும் காட்டுவார்கள். அதை நான் மறுபடி எழுதினால் உங்களுக்குத் தூக்கம்தான் வரும்.

வகுப்பில் சொல்லாத ஒன்று இருக்கிறது. இது தனியாள் வேலை. ஒரு வீட்டுக்குப் போகும்போது மாப்பிள்ளைக்குக் கிடைக்கிற மரியாதை கிடைக்கும். வாயைத் திறந்து விஷயத்தைச் சொன்ன பிறகு, வாசல்வரை வந்து வழியனுப்ப ஆள் இருக்காது. கீழ்வேளூரில் ஒரு வீட்டில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து எனக்குத் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். டச்சுக்காரன் கையால் கொடுத்தது என்று அவர்கள் நம்பியிருந்த துப்பாக்கியில் குழல் மட்டும்தான் பழையது, மற்றதெல்லாம் பிற்பாடு ஒட்டவைத்தது என்றேன். அதற்கப்புறம் அவர்கள் இலையை எடுக்கவும் இல்லை, என்னைச் சாப்பிடக் கூப்பிடவும் இல்லை. பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றுவிட்டுத் தஞ்சாவூர் வந்து சேர்ந்தேன். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் இந்தக் கூத்தை வீட்டில் சொல்லிச் சிரிக்கவும் ஆள் இல்லை. பல வருஷம் இப்படித்தான் போயிற்று, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இப்போது சொல்லப்போவது நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. தேர்தல் அறிவித்திருந்தார்கள். தேர்தல் என்றால் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். டெல்டாவில் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகளுக்கு அது ஒரு சின்னத் திருவிழா மாதிரி. இஸ்திரி போட்ட சட்டையோடு வருவார்கள். நிலைய வாசலில் கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மேட்டூர் இந்த வருஷம் எப்போது திறக்கும் என்று ஆளாளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள்.

திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்தில் ஒரு நிலையத்திலிருந்து இன்ஸ்பெக்டரம்மா எனக்குப் போன் செய்தார். கோயில் பொருள் வழக்கு ஒன்றில் முன்பு அவருக்கு உதவியிருந்தேன்.

"சார், ஒரு பெரியவர் கைத்துப்பாக்கி கொண்டாந்து ஒப்படைக்கிறேன்னு நிக்கிறாரு. லைசென்ஸ் எங்கய்யான்னா, இல்லைங்கிறாரு. பரம்பரைப் பொருளாம். நீங்க ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லிட்டீங்கன்னா தேவல."

பூதலூர் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலாகக் கிடந்தது. பம்புசெட் வைத்திருந்தவர்களின் வயலில் மட்டும் கோடை நடவு பச்சையாக நின்றது.

பெரியவர் பெயர் சவரிமுத்து. எழுபதைத் தாண்டியவர், நிமிர்ந்த உடம்பு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கிளம்பியவர் போல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மனைவி இறந்துவிட்டார். ஒரே மகன் அமல் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு பெரிய வீட்டில் தனியாக இருக்கிறார். இதையெல்லாம் இன்ஸ்பெக்டரம்மா அறைக்குள் வைத்துச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார்.

"நாங்க எதுவும் கேக்கறதுக்கு முன்னாடியே பையன் நம்பர எடுத்துக் குடுத்தாரு சார். அவன்கிட்டச் சொல்லிருங்க, சொல்லிருங்கன்னு ஒரே நச்சரிப்பு. போன் பண்ணினேன். பாவம், அந்தப் பையன் பதறிப் போயிட்டாரு. கேஸ் ஆனா உடனே கெளம்பி வர்றேன்னாரு."

விஷயம் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் சுடக்கூடிய துப்பாக்கி வைத்திருந்தால் வழக்கு, கைது, சிறை. வயது பார்த்து விடுகிற சமாசாரம் இல்லை. சுடவே முடியாத பழம்பொருள் என்றால் அதற்கு வேறு சட்டம். வெறும் அலங்காரப் பொருள் என்றால் எந்தச் சட்டமும் இல்லை. பெரியவர் அன்று எங்கே படுப்பார் என்பது என் வாயில் இருந்தது.

மஞ்சள் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்கள். பார்க்க அழகான பொருள்தான். கைப்பிடியில் கருஞ்சிவப்புப் பாலிஷ். சுத்தியலாக அடிக்கிற குதிரை நன்றாக வளைந்திருந்தது. குழலின் மேல் ஆங்கில எழுத்து மாதிரி ஏதோ பொறித்திருந்தார்கள், கூட்டிப் படித்தால் ஒரு பெயரும் வரவில்லை. விசையைச் சுற்றியிருக்கும் வளையத்தைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன். அச்சில் வார்த்த இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் மெல்லிய கோடு ஓடியது. பிளாஸ்டிக் சீப்பின் ஓரத்தில் இருக்குமே, அதைப்போல. அந்தக் காலத்துக் கொல்லன் அதை அரத்தால் ராவாமல் விட்டிருக்க மாட்டான். எனக்கு அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது.

பாதிதான். இதை நன்றாக மனதில் வையுங்கள். போலி என்பது வேறு, சுடாது என்பது வேறு. அலங்காரப் பொருளை வாங்கி, குழலைத் துளைத்து, நாட்டுத் துப்பாக்கியாக மாற்றி வைத்திருந்த ஆட்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

"இது எங்க பாட்டனாருக்கு வெள்ளக்காரத் தொர குடுத்தது" என்றார் சவரிமுத்து. பெஞ்சில் இருந்த விவசாயிகள் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்கள். அவர் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். "சும்மா காட்சிக்கு வச்சதில்ல. மாதா கோயில் கொடியேத்தத்துக்கு நானே சுட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டரம்மா என்னைப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, பேசாம இருங்க. நீங்க சொல்றது எல்லாம் உங்களுக்கே எதிரா போகும்."

"உள்ளதத்தான சொல்றேன்? இப்பக்கூட மருந்து கெட்டிச்சு, குண்டு போட்டுத்தான் வச்சிருக்கேன்."

அறையில் இருந்த காவலர்கள் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள். ஜன்னலில் நின்ற விவசாயிகளும் காணாமல் போனார்கள். வெடிகுண்டு நிபுணர்களைக் கூப்பிடலாமா என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். அவர்கள் வந்துவிட்டால் விஷயம் அவர் கையை விட்டுப் போய்விடும், பெரியவர் சொன்னதெல்லாம் பதிவாகிவிடும். கொஞ்ச நேரம் கொடுங்கள் என்று கேட்டு, நிலையத்துத் துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக்கொண்டு பின்பக்கம் போனேன். அங்கே ஒரு வேப்பமரம், அதற்கப்பால் ஆளில்லாத தரிசு. குழலை வரப்பைப் பார்த்துத் திருப்பிக்கொண்டு குந்தினேன். எனக்குப் பயம் இருந்தது. சும்மா சொல்லவில்லை, கை வேர்த்தது. எத்தனை பேர் கூப்பிட்டு அனுப்பியிருந்தாலும், பொருளைக் கையில் பிடிக்கும்போது பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள்.

ஆனால் அன்று ஒருவர் வந்தார். செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினால் சவரிமுத்து.

"ஐயா, கிட்ட வராதீங்க. அங்கயே இருங்க."

"என் பொருள் தம்பி. வெடிச்சா ரெண்டு பேருக்கும் சேத்து வெடிக்கட்டும்." வேட்டியை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

முதலில், குதிரை அடிக்கும்போது பொறி தருகிற கேப்பை வைக்கும் முனையைப் பார்த்தேன். தீப்பொறி உள்ளே போவதற்கு அதில் ஊசித்துளை இருக்க வேண்டும். இதில் வெறும் குமிழ்தான் இருந்தது. துளை அழுக்கால் அடைந்திருக்கலாம் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. ஈர்க்குச்சியைக் குழலுக்குள் விட்டேன். பாதியைத் தாண்டியதும் நின்றுவிட்டது. நின்ற அளவை விரலால் பிடித்துக்கொண்டு, வெளியே எடுத்துக் குழலின் மேல் வைத்துப் பார்த்தேன். உள்ளே மிச்சமிருக்கும் நீளத்தில் ஒன்று மருந்தும் குண்டும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அது துளைக்காத கெட்டி இரும்பாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் குச்சி ஒரே இடத்தில்தான் நிற்கும்.

என் பையில் எப்போதும் முனை தீட்டிய ஒரு குடைக்கம்பி இருக்கும். ஈயக் குண்டு என்றால் முனை அதில் பதியும், எடுத்துப் பார்த்தால் நுனியில் சாம்பல் நிறம் ஒட்டியிருக்கும். மெதுவாக விட்டு அழுத்தினேன். பதியவில்லை, வழுக்கியது. லேசாகத் தட்டினேன். இரும்பில் இரும்பு படுகிற சத்தம் வந்தது. நுனியைச் சட்டையில் துடைத்தேன், சாம்பல் இல்லை. மறுபடி செய்தேன், அதே சத்தம். எனக்கு மூச்சு வந்தது.

"ஐயா, இதுல குண்டு இல்ல. குண்டு போட எடமே இல்ல."

அவர் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"என் வீட்டுக்காரி மேரி வாங்கினது. வேளாங்கண்ணித் திருவிழாக் கடையில. ஷோகேசுக்கு அழகா இருக்கும்னு அடம் புடிச்சு வாங்கினா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னை இவ்வளவு நேரம் வேர்க்க வைத்த கோபம். "பின்ன எதுக்குய்யா மருந்து கெட்டிச்சிருக்கு, கொடியேத்தத்துக்குச் சுட்டேன்னு கதை விட்டீங்க? உள்ள தூக்கிப் போட்டா என்ன பண்ணுவீங்க?"

தரிசைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "கேஸ்னா அமல் வந்தாகணும்ல."

குடைக்கம்பியைப் பைக்குள் வைத்தேன்.

"நல்ல புள்ள தம்பி அவன். கொற சொல்ல ஒண்ணுமில்ல. வாராவாரம் போன்ல மொகம் பாத்துப் பேசுறான். அவங்க அம்மா அடக்கத்துக்கு வந்தான், அப்பறம் வரல. லீவு இல்ல, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். ஒடம்பு முடியலன்னா வருவான். எனக்கு ஒண்ணும் வந்து தொலைய மாட்டேங்குது. சுகர்கூட இல்ல. டாக்டர் என்னயப் பாத்து, ஐயா நூறு வயசு இருப்பீங்கங்கிறாரு. அன்னிக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல."

சிரிக்க வேண்டிய பேச்சுதான். அவர் சிரிக்கவில்லை, எனக்கும் சிரிப்பு வரவில்லை. பிறகு என் கையில் இருந்த துப்பாக்கியைத் தொட்டார்.

"நீங்க பொய் சொல்ல வேணாம். சுடும்னு சொல்ல வேணாம். சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, போதும். மெட்ராசுக்கு அனுப்புவாங்களாமே, பரிசோதனைக்கு? ரிசல்ட் வர்ற வரைக்கும் அவன் இங்க இருப்பான். அப்பறம் ஒண்ணுமில்லன்னு ஆயிரும். யாருக்கு என்ன நட்டம்?"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும். 'சந்தேகம்' என்பது நம் தொழிலில் கௌரவமான வார்த்தை. முக்கால்வாசிப் பொருட்களுக்கு நான் அதைத்தான் எழுதியிருக்கிறேன். அன்று எழுதியிருந்தால் என்னை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். அவர் கேட்டது ரொம்பச் சின்ன உதவி. தனியாக இருப்பது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். லோடு செய்த துப்பாக்கி என்று அவரே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார், நானும் சந்தேகம் என்றால் இன்ஸ்பெக்டரம்மாவுக்கு வேறு வழி கிடையாது. இந்த வயதில் ரிமாண்டில் போவார். மகன் வந்து பார்க்கிற இடம் ஜெயில் கம்பியாக இருக்கும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். என்னிடம் சந்தேகம் இல்லை, அதுதான் விஷயம். எதிரில் நிற்பவருக்காகச் சந்தேகத்தைக் கடன் வாங்கி எழுத ஆரம்பித்தால், நாளைக்கு உண்மையாகவே சந்தேகம் வரும்போது உங்கள் வார்த்தையை யார் நம்புவார்கள்?

"முடியாதுங்கய்யா" என்றேன்.

"சரி" என்றார். கையை ஊன்றி எழுந்து, வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார்.

உள்ளே போய், அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொல்லட்டுமா என்று கேட்டேன். சாட்சிக்கு ஆள் இருக்கட்டும் சார், அதுதான் அவருக்கு நல்லது என்றார் இன்ஸ்பெக்டரம்மா. அவர் சொன்னது சரி. ஆபத்து இல்லையென்று தெரிந்ததும் பெஞ்சுக்காரர்கள் ஜன்னலுக்குத் திரும்பியிருந்தார்கள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு சொன்னேன்.

"இது துப்பாக்கி இல்லம்மா. அந்த உருவத்துல வார்த்த அலங்காரப் பொருள். குழல முழுசாத் துளைக்கவே இல்ல, இது சுடாது. உள்ள ஒண்ணும் இல்ல." அதையே தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பின்ன ஏன்யா லோடு பண்ணியிருக்குன்னு சொன்னீங்க?" என்று இன்ஸ்பெக்டரம்மா பெரியவரைக் கேட்டார்.

சவரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. "வயசாயிருச்சும்மா. ஞாபகம் தடுமாறுது."

அவ்வளவு தெளிவான மனிதர், தன் புத்தியையே குறையென்று சொல்லிக்கொண்டார். ஜன்னலில் இருந்த ஒருவர், "சவரியண்ணே, தீவாளிக்குச் சுருள் கேப்பு வாங்கித் தாரேன், போட்டுச் சுடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, ஊரில் நடக்கிற கேலிதான். இன்ஸ்பெக்டரம்மா ஒரு அதட்டல் போட்டார். பெரியவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தாங்கவில்லை.

வழக்கு இல்லையென்று ஆனதும் இன்ஸ்பெக்டரம்மா மகனுக்குப் போன் போட்டார். விவரம் சொல்லிவிட்டு, நம்பிக்கை இல்லாவிட்டால் நிபுணரிடமே கேளுங்கள் என்று என் கையில் கொடுத்தார். நான் வாசலுக்கு வந்து பேசினேன்.

"சார், நிச்சயமா துப்பாக்கி இல்லைல?"

"இல்லைங்க தம்பி."

"கேஸ் எதுவும் வராதுல்ல?"

"வராது."

நீளமாக ஒரு மூச்சு விட்டான். "அப்பாடா. டிக்கெட் போடறதுக்கு கம்ப்யூட்டர் முன்னாடிதான் சார் உக்காந்திருக்கேன். அப்ப நான் வர வேணாம்ல?"

நம் வேலை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. பொருளைப் பற்றிக் கேட்டதற்குப் பொருளைப் பற்றிப் பதில் சொல்லியாயிற்று. இருந்தாலும் சொன்னேன். "கேஸுக்காக வர வேணாம். சும்மா ஒரு தடவ வந்து அப்பாவப் பாத்துட்டுப் போங்க. அவரு உங்களத் தேடுறாரு."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதற்கோ அழுதது. "பாக்கணும் சார். லீவுதான் பிரச்சன. அடுத்த வருஷம் ட்ரை பண்றேன். ரொம்பத் தேங்க்ஸ் சார், பெரிய டென்ஷனாப் போச்சு." வைத்துவிட்டான். அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்கு அங்கே என்ன பாடோ.

திரும்பினால் சவரிமுத்து என் பின்னால் நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

"என்ன சொன்னான்?"

"வரேன்னு சொன்னாருங்கய்யா" என்றேன். "சீக்கிரமே வரேன்னு சொன்னாரு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நாம் ஒரு பொருளைப் பார்ப்போமே, அவசரமில்லாமல், ஒவ்வொரு இடமாக, அப்படிப் பார்த்தார். எனக்கு நேராக நிற்க முடியவில்லை. பிறகு என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

"உங்களுக்கு இதெல்லாம் வராது தம்பி" என்று சொல்லிவிட்டு, வெயிலில் இறங்கிப் பஸ்ஸுக்கு நடந்தார்.